ஸ்டெனெருட் தொழிற்சாலையை வழியனுப்பிய கதை

ஓடெல் ஸ்டெனெருட்டின் மாட்டுத்தொட்டித் தொழிற்சாலை, சோளம் அறுத்து முடிந்த ஓர் அக்டோபர் மாதத்தில் மேற்கே நகர ஆரம்பித்தது. ராத்திரிக்கு ஒரு லாரி நீளம், காற்று பலமாக இருந்தால் ஒன்றரை. முதலில் கண்டுபிடித்தவர் தபால்காரர். தபால்பெட்டி பழைய இடத்திலேயே நின்றது, கதவு மட்டும் தள்ளிப் போயிருந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தூரத்தை நடந்துபோய்த் தபாலைக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் கவுன்ட்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், ஒரு தொழில் வேறு இடத்துக்குப் போவதென்று முதலாளி மனசுக்குள் முடிவு கட்டிவிட்டால் கட்டடம் தானே கிளம்பிவிடும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. எண்பத்தாறில் செருப்புக்கடை போனபோது பட்டப்பகலில் மெயின் தெரு வழியாகவே போனது, 'நில்' என்கிற பலகை வந்ததும் நின்று, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்ப்பதுபோல் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போனது. பிறகு வெண்ணெய்ப் பண்ணை போனது. மரப்பட்டறை போனது. உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் காபி கூடத் தளும்பாது. பின்னால் நிலம் மூடிக்கொண்டு, விடிவதற்குள் புல்லும் முளைத்துவிடும். இங்கே ஒரு கட்டடம் இருந்தது என்று சத்தியம் பண்ணினாலும் வெளியூர்க்காரன் நம்ப மாட்டான்.

ஆனால் ஸ்டெனெருட் தொழிற்சாலை செருப்புக்கடை மாதிரி இல்லை. எங்கள் ஹார்ஸ்டாட் ஊரில் ஐம்பது குடும்பங்களுக்கு மேல் அதில்தான் சாப்பிட்டன. குளிர்காலத்தில் உறையாத தண்ணீர்த்தொட்டி என்றால் மினசோட்டா முழுக்க மாடு வளர்க்கிறவர்கள் ஸ்டெனெருட் பெயரைத்தான் சொல்வார்கள். மேற்கே இரண்டு மைல் போனால் மாநில எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தெற்கு டகோட்டாக்காரர்கள் வடிகால், மின்சாரம் எல்லாம் வைத்துப் புதுசாக ஒரு கான்கிரீட் அடித்தளமே போட்டுக் காத்திருந்தார்கள். தண்ணீர் வாசனை பிடித்த மாடு போலத் தொழிற்சாலை அந்த அடித்தளத்தை நோக்கிப் போனது.

இதைத் தடுக்க வேண்டியவள் மார்லிஸ் எய்கம். இருக்கிற தொழில்களை இருக்கவைப்பதும் வளரவைப்பதும்தான் கவுன்ட்டி அவளுக்குக் கொடுத்த வேலை. சும்மா சொல்லக்கூடாது, எங்கள் கவுன்ட்டிக்குத் தொழில் அலுவலகம் இரண்டு உண்டு. புதுத் தொழில்களை வரவழைக்கிற அலுவலகம் மாடியில், ஜன்னலோடு இருக்கும். ரிப்பன் வெட்டுகிற ஆளுயரக் கத்தரிக்கோல் அங்கே சுவரில் தொங்கும். இருக்கிற தொழில்களுக்கான அலுவலகம் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில். இருக்கிறவனுக்கு யார் ரிப்பன் வெட்டப் போகிறார்கள்? மார்லிஸ் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாள், இல்லாவிட்டால் தன் பழைய நீலக் காரில் ஏறி ஒவ்வொரு பட்டறையாகப் போய், எப்படிப் போகிறது, ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு வருவாள். அவளுக்குப் புருஷன் இல்லை, ரொம்ப நாளைக்கு முன்பே ஒத்துவராமல் போய்விட்டான். ஜனெல் என்று ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை கிளம்பியதற்குக் காரணம் வரியும் இல்லை, வடிகாலும் இல்லை. ஓடெல் என் வயதுக்காரன், ஒரே வகுப்பில் படித்தவன், அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். அவனே பிற்பாடு சொன்னது இது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை கேட்டால் சிரமப்படாதீங்க என்போம், மூன்றாம் தடவை கேட்டால்தான் சரி, அரைக் கப் என்று வாயைத் திறப்போம். அந்த வசந்த காலத்தில் மார்லிஸ் தொழிற்சாலைக்கு வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை என்றான் ஓடெல். இன்னொரு தடவை கேட்டாள். அப்படியெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றான். முதலாளிகளை ரொம்பத் துளைக்கக் கூடாது, அவர்கள் நேரம் பொன்னானது என்று தலைநகரத்தில் நடந்த பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெளியே ஆலங்கட்டியும் மழையுமாகப் பெய்ய ஆரம்பித்திருந்தது, அவளுக்குப் போகவேண்டிய பட்டறைகள் இன்னும் பாக்கி இருந்தன. எழுந்து போய்விட்டாள். ஓடெல் மூன்றாவது தடவைக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி ஃபிலிஸ் இறந்து இரண்டு வருஷம், விற்பனை பார்த்துக்கொண்டிருந்தவளே அவள்தான், தனியாக ஓட்ட முடியவில்லை என்று சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போனது. கோடையில் டகோட்டாக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களும் நம்மைப் போலத்தானே. உட்கார்ந்து, பை என்கிற பழப் பலகாரம் சாப்பிட்டு, மூன்று தடவை கேட்டார்கள்.

தொழிற்சாலை நகர ஆரம்பித்ததும் கவுன்ட்டித் தலைவர் கோர்டன் ரீபி அவசரக் கூட்டம் போட்டார். சொத்து வரியில் சில வருஷச் சலுகை கொடுத்தார்கள், கட்டடம் மூன்று வாரம் அசையாமல் நின்றது. அந்தப் பக்கத்தில் சலுகையை இரட்டிப்பாக்கினார்கள், மறுபடி கிளம்பியது. மாநிலம் தொழிலாளர் பயிற்சிக்கு நிதி கொடுத்தது, ராத்திரிக்கு ஒரு லாரி நீளம் என்பது அரை லாரியாகக் குறைந்தது. புதுக் கழிவுநீர்க் குழாய் போட்டுத் தந்தார்கள், அது கட்டடத்தோடு சேர்ந்து மிட்டாய் மாதிரி இழுபட்டது. மாடி அலுவலகத்தில் யாரோ யோசனை சொல்லி, தொழிற்சாலையைச் சுற்றி ரிப்பன் கட்டி, திறந்து முப்பது வருஷம் கழித்து அதற்கும் ஒரு விழா எடுத்தார்கள். ஓடெல் நன்றி சொல்லி, எல்லாருக்கும் கேக் கொடுத்தான். அன்று ராத்திரி கட்டடம் ரிப்பனோடு போனது. மார்லிஸ் ஒவ்வொரு நாளும் போய், ஓடெலிடம் இப்போது மூன்று தடவையும் கேட்டாள், பத்துத் தடவையும் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மனம் லேசானது என்றும் சொன்னான். ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, கொடுத்த வாக்கை மாற்றுகிற குடும்பம் இல்லை ஸ்டெனெருட் குடும்பம். தப்பு தன்னுடையது என்று மார்லிஸுக்குத் தெரியும். ஐம்பது குடும்பத்தின் சாப்பாட்டை ஆலங்கட்டிக்குப் பயந்து தொலைத்துவிட்டோமே என்று அவள் தேவாலயத்தில் தலையைக் கவிழ்த்தபடி இருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அடுத்த ஜூன் மாதத்தில் தொழிற்சாலை எல்லையாக வெட்டியிருந்த பள்ளத்துக்கு ஒரு லாரி நீளம் இந்தப் பக்கம் வந்து நின்றது. அன்று ராத்திரியோடு முடிந்தது என்று ஊரே முடிவு பண்ணிவிட்டது. முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு கவுன்ட்டியிலிருந்து வேறு யாரும் போகவில்லை. மார்லிஸ் மட்டும் ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுச் செய்த இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, விடைகொடுக்கப் போனாள். அலுவலகத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார்கள். நாலரை மணி வாக்கில் ஓடெல் தன் இரண்டு தொடைகளிலும் கையால் தட்டி, "சரி, அப்ப..." என்றான்.

தொடையில் தட்டியாகிவிட்டதென்றால் எங்கள் ஊரில் விடைபெறல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எழுந்து நின்று பேச வேண்டும், கதவருகே நின்று பேச வேண்டும், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேச வேண்டும், மிச்ச இனிப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க, வேண்டாம் என்று சொல்ல, மறுபடி கொடுக்க வேண்டும். முடிவதற்குள் கிளம்பிப் போனவன் என்று எங்கள் கவுன்ட்டியில் இதுவரை ஒருவனும் இல்லை. அப்படிப் போக முடியும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. மார்லிஸ் திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை, வளர்ந்த விதத்தில் செய்தாள். கதவருகே நின்று அவளுடைய சித்தியின் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினாள். முற்றத்தில் நின்று அந்த வருஷத்துச் சோயா எப்படி வரும் என்று இருவரும் பேசினார்கள். பேசப் பேச இருட்டிவிட்டது. ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் ஓடெல், ஆகவே விருந்தாளி அவன்தான்; இருட்டில் விருந்தாளியைப் போகச் சொல்வது எங்கள் பக்கம் கிடையாது.

"இருட்டிடுச்சு ஓடெல். காலைல போங்களேன்" என்றாள் மார்லிஸ்.

"அதுவும் சரிதான்" என்றான் அவன்.

காலையில் வேலையாட்கள் வந்தபோது கட்டடம் ஓர் அங்குலம் கூட நகரவில்லை. பாதியில் நிற்கிற விடைபெறலை அப்படியே விட முடியாதே என்று மார்லிஸ் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். ஓடெல் கையில் கோப்பையோடு முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தான். சோயாவில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. வாரக் கடைசியில் கோர்டன் ரீபிக்கு விஷயம் பிடிபட்டது. அவர் சபையைக் கூட்டி, மார்லிஸின் மற்ற வேலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, முற்றத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும் கூரையும் போட்டுக் கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றினார். மூன்றாம் வருஷம் கூரைக்குச் சுவரும் அடுப்பும் வந்தன.

ஆள் மாற்றி ஆள் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தோம். மார்லிஸ் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் கோர்டனே போனார். அவருக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது, கையைக் குலுக்கிவிட்டார். கட்டடம் விருட்டென்று நகர்ந்து மேற்கு மூலை பள்ளத்தைத் தாண்டிவிட்டது. காய்ச்சலோடு மார்லிஸைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மூலையில் இருந்த ஆண்கள் கழிப்பறை இன்றைக்கும் தெற்கு டகோட்டாவில்தான் இருக்கிறது. அங்கே மாநில வருமான வரி கிடையாதாகையால், உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்று வெல்டர் ட்யூயி ஷோப் சொல்லிக்கொண்டு திரிவான். அதற்குப் பிறகு யாரும் மார்லிஸின் இடத்தில் நிற்கத் துணியவில்லை. ஒருவர் ஆரம்பித்த விடையை இன்னொருவர் கொடுத்தால் அது வேறு விடை ஆகிவிடுகிறது.

மாநிலத் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். மிக நல்ல முறை, செலவு குறைவு என்று பாராட்டி மார்லிஸுக்கு ஒரு மரப்பலகை விருது கொடுத்தார்கள், அதை அவள் கூரையில் ஒழுகுகிற இடத்துக்கு அடியில் வாளி வைக்கப் பயன்படுத்திக்கொண்டாள். மற்ற கவுன்ட்டிகளிலும் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சில இடத்தில் பலித்தது. பெருநகரத்துப் பக்கம் சுத்தமாகப் பலிக்கவில்லை, அங்கே வரட்டுமா என்று சொல்லிக்கொண்டே காரைக் கிளப்பிவிடுகிறவர்கள் அதிகம். இதற்கிடையில் ஸ்டெனெருட் தொழிற்சாலை வளரவும் செய்தது. விற்பனைக்கு ஆள் வைக்க மாநிலம் உதவியது, புதுக் கூடம் கட்டக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. கடன் வாங்கிக் கட்டுவதை மினசோட்டா மண்ணில்தான் கட்ட வேண்டும் என்பது விதி, மேற்கே பள்ளம். ஆகவே ஒவ்வொரு கூடத்தையும் கிழக்கே கிழக்கே கட்டினார்கள். கிளம்பி நின்றபடியே அது ஊரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. எண்பது பேர் வேலை செய்தார்கள். ஆனால் போகிற எண்ணம் ஓடெலின் வாக்கில் அப்படியே இருந்தது, மார்லிஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிடும்.

ஊருக்கு நல்லதாகப் போயிற்று. மார்லிஸுக்கு எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜனெல் பள்ளி முடித்து, அரிசோனாவில் டூசான் என்கிற ஊரில் வேலை கிடைத்து, இரண்டாம் வருஷத்துக் கோடையில் கிளம்பினாள். விமான நிலையம் மூன்று மணி நேர ஓட்டம். அம்மாவால் போக முடியாதே. மகளே பெட்டியோடு தொழிற்சாலை முற்றத்துக்கு வந்து சொல்லிக்கொண்டாள். ஓடெலின் விடைபெறல் நடந்துகொண்டிருக்கையில் இன்னொன்றை நீட்டுவது முறையில்லை என்று, மார்லிஸ் தன் ஒரே மகளை ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவைத்தாள். அன்று ஓடெல் வேண்டுமென்றே ரொம்ப நேரம் காபி போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தான், ஆனால் அவள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. ஜனெலின் கல்யாணத்தை அவள் கைப்பேசியில் பார்த்தாள், ட்யூயி அதை வெயில் படாமல் தன் தொப்பியால் மறைத்துப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சூப்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பகல் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஒரு சொல் பேச ஆள் கிடையாது. எப்படி இருக்கீங்க என்று கேட்டால், பரவாயில்லை என்பாள். நாங்கள் ஒரு தடவைதான் கேட்போம்.

முற்றத்தில் அவர்கள் இருவரும் பேசாத விஷயம் இல்லை. ஃபிலிஸ் கடைசி நாட்களில் எதற்கெல்லாம் சிரித்தாள் என்பதை ஓடெல் சொல்லியிருக்கிறான். தன் புருஷன் போன அன்று தான் வீட்டைக் கழுவித் துடைத்ததை அவள் சொல்லியிருக்கிறாள். அவனும் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, தொழிற்சாலைக்குள்ளேயே ஓர் அறையில் படுத்திருந்தவன். மாலையில் அவளுடைய கார் போனபிறகு அவன் முற்றத்து விளக்கை உடனே அணைக்க மாட்டான். பார்க்கிற எங்களுக்கே பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் விடை சொல்லிக்கொள்வதற்குப் பதிலாக இரண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்கொண்டிருக்கலாமே என்று ட்யூயி ஒரு நாள் ஓடெலிடம் நேராகவே கேட்டுவிட்டான். ஓடெல், "கிளம்பி நிக்கறவன் எப்படிடா பொண்ணு கேக்கறது?" என்றான்.

பதினோராவது வருஷம் இலையுதிரும் காலத்தில் ஜனெலுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நாள் நிறைவதற்கு முன்பே வந்து, மூச்சுக்கு மெஷினில் வைத்திருந்தார்கள். அவள் புருஷன் அதற்கு முன்பே விட்டுப் போயிருந்தான். ராத்திரி போன் பண்ணி, "அம்மா, நீ வந்தா போதும், வேற எதுவும் வேணாம்" என்று அழுதாள் ஜனெல். பதினோரு வருஷத்தில் அவள் அம்மாவிடம் வா என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். பார்க்கிறேன் என்றாள் மார்லிஸ். யாரிடமும் சொல்லவில்லை. எண்பது குடும்பத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? மறுநாள் காலையில் முற்றத்துக்கு வந்து, தேவாலயக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது நடுவில் நின்றுவிட்டாள். அடுத்த வார்த்தை வரவில்லை. கட்டடம் ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு சாண் மேற்கே போனது. உள்ளே வெல்டிங் நெருப்பெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது.

ஓடெல் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, காபியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்றான். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தைக்கு மார்லிஸ் என்று பெயர் வைத்திருப்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் போகல. போனா என்ன ஆகும்னு தெரியும்ல" என்றாள். ஓடெல் உள்ளே போனான். திரும்பி வரும்போது கனத்த கோட்டும் காது மூடுகிற தொப்பியும் போட்டிருந்தான். கிளம்புகிறான் என்று நினைத்து உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்கள்.

"மார்லிஸ், இன்னைக்கு நான் போகல. நீங்கதான் போறீங்க" என்றான் ஓடெல். "இத்தனை வருஷம் நீங்க என்னை வழியனுப்பினீங்க. இப்ப நான் உங்களை வழியனுப்பறேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விருந்தாளியும் வீட்டுக்காரனும் இடம் மாறிக்கொள்வதென்பதை எங்களில் ஒருவரும் அதுவரை யோசித்ததில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, அதனால்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். கட்டடம் குலுங்கியது கேள்விப்பட்டு வந்து சேர்ந்திருந்த கோர்டன் ரீபி ஏதோ சொல்ல வாயெடுத்தார், ட்யூயி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். எங்கள் கவுன்ட்டியிலேயே விடையை நீட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். ஓடெல் நினைத்திருந்தால் இன்னும் பதினோரு வருஷம் நீட்டியிருக்கலாம். நீட்டவே இல்லை. அங்கே ஒரு குழந்தை காத்துக்கொண்டிருந்தது. கார் வரைக்கும் கூட நடந்தான், கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் தன் கையாலேயே சுரண்டித் துடைத்தான், கதவைத் திறந்துவிட்டான். அவள் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி, அவன் கோட்டின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. அத்தனை வருஷப் பேச்சுக்குப் பிறகு அது எங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு அவன் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, சாலையில் மான் குறுக்கே ஓடுகிற எங்கள் பக்கத்தில் கடைசியாகச் சொல்வதைச் சொன்னான்.

"மான் பாத்துப் போங்க."

கார் தெற்குச் சாலையில் ஏறியது. ஓடெல் சாலையோரத்துக்கு நடந்துபோய் நின்று, வலது கையை உயர்த்தினான். விருந்தாளியின் கார் கண்ணிலிருந்து மறைகிறவரை வீட்டுக்காரன் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. உள்ளே திரும்புவதே மரியாதை இல்லை, ஊரைவிட்டுப் போவதை யார் நினைப்பார்கள்? அந்தச் சாலை கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், மேடு கிடையாது, மரம் கிடையாது, இரண்டு பக்கமும் அறுத்த வயல்தான். நாங்கள் எல்லாரும் ஓடெலுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். கார் டப்பா அளவானது, பொத்தான் அளவானது. அது மறைகிற நிமிஷத்தில் கட்டடம் கிளம்பிவிடும் என்று எண்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமானதும் காரின் பின்விளக்கு எரிந்தது. ராத்திரி முழுக்கச் சிவப்பாக, ஒரு கடுகளவு தெரிந்துகொண்டிருந்தது. விடிந்தது. அப்போதும் தெரிந்தது. கூட்டம் மெல்லக் கலைந்து வேலைக்குப் போனது.

மார்லிஸ் டூசான் போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை மெஷினை விட்டு வெளியே வந்து, இப்போது தெருவில் ஓடுகிறது. அவள் தன் காரை விற்கவில்லை என்றும், மாலையில் கடைக்குப் போகும்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியில் சாலையோரத்தில் ஓர் ஆள் கையைத் தூக்கியபடி நிற்பது தெரிகிறது என்றும் ஜனெல் போனில் சொன்னாள். அம்மா சிரிக்கிறாள், சில நாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள், அப்போது கூப்பிட்டால் கேட்பதில்லை என்றும் சொன்னாள். கவுன்ட்டி பட்ஜெட்டிலிருந்து முற்றத்து நாற்காலிக்கான செலவை எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலை போன வருஷம் கிழக்கே இன்னொரு கூடம் கட்டியது. டகோட்டாக்காரர்கள் தங்கள் அடித்தளத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாட இடம் பண்ணிவிட்டார்கள். ஓடெல் தொழிலை எல்லாம் சாலையோரத்தில் நின்றபடியேதான் பார்க்கிறான், கையெழுத்துக்களை இடது கையால் போடப் பழகிவிட்டான். தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்து அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். பனி பெய்தால் அவன் தோளில் விழுவதை யாராவது தட்டிவிடுவார்கள். காற்றடிக்கிற பக்கமாக ஒரு தடுப்புப் பலகை வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இந்த ஜனவரியில், எச்சில் துப்பினால் தரையில் விழும் முன் உறைகிற ஒரு காலையில், ட்யூயி அவனுக்குச் சூடாகக் காபி கொண்டுபோனான். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"உள்ள வந்து கொஞ்சம் உக்காருங்க, ஓடெல். அவங்க போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு."

ஓடெல் கையை இறக்கவில்லை. "கார் இன்னும் தெரியுதே, ட்யூயி" என்றான்.

ட்யூயி தெற்கே திரும்பிப் பார்த்தான். தெரிந்தது. காபியை அவனுடைய இடது கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.